ஐந்து நாற்பத்திரண்டுக்கு வந்த அழைப்பு

செங்கல்பட்டு
8-9-2025

மாப்பிள்ளை தீனதயாளனுக்கு,

திருவேங்கடம் எழுதுகிறேன். கிழித்துப் போடுவதாக இருந்தால் கடைசிப் பத்தியைப் படித்துவிட்டுக் கிழியுங்கள். என் நம்பரை நீங்கள் பிளாக் செய்து இரண்டரை வருஷத்துக்கு மேல் ஆகிறது. வீட்டுக்கு வந்தால் கதவைத் திறக்க மாட்டீர்கள். அதனால்தான் ஸ்பீடு போஸ்ட். உங்கள் கைக்குப் போனதும் எனக்கு மெசேஜ் வந்துவிடும். கிடைக்கவில்லை என்று சொல்ல முடியாது.

விஷயத்துக்கு வருகிறேன். என் தங்கச்சி ஜோதிக்கு வைத்த மாதிரியே எனக்கும் இதயத்துக்குப் போகிற ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்தது உங்கள் காதுக்கு வந்திருக்கும். வருகிற மார்கழி வந்தால் இரண்டு வருஷம். இப்போது ஸ்டென்ட் வைத்த அதே இடம் மறுபடியும் சுருங்கிவிட்டது. எண்பது சதவீதம் என்கிறார் டாக்டரம்மா. கடையிலிருந்து பஸ் ஸ்டாண்டுக்குள் மூன்று இடத்தில் நிற்கிறேன். மூச்சு வாங்க நிற்கிறேன் என்று பஜாரில் யாருக்கும் தெரியக் கூடாது. போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு, வராத ஆளிடம் பேசுகிறேன்.

அக்டோபர் ஒன்பதாம் தேதி கேளம்பாக்கம் பக்கத்து ஆஸ்பத்திரியில் படுக்கச் சொல்லியிருக்கிறார்கள். நெஞ்சைப் பிளக்கிற வேலை இல்லை. மணிக்கட்டு வழியாக ஒரு மெல்லிய குழாய் விட்டு, அதற்குள் வயர் விட்டு, வயரின் மேல் பலூன் ஏற்றி, சுருங்கின இடத்தில் ஊதி விரிப்பார்கள். பலூன் மேல் மருந்து தடவியிருக்கும். அது சரிவரவில்லையென்றால் உள்ளேயே இன்னொரு ஸ்டென்ட். அதுவும் ஆகாதென்றால் பைபாஸ். எது என்று அப்போது பார்த்துதான் முடிவு செய்வார்களாம். நடுவில் டாக்டர் வெளியே வந்து கேட்பாராம்.

வெளியே யார் இருப்பது? என் வீட்டுக்காரி சாரதா அழுவாள். பையன் மோகன் சிறுசேரியில் ஏசி ரூமில் உட்கார்ந்து பெரிய வேலைதான் பார்க்கிறான். ஆனால் டாக்டரைப் பார்த்தால், 'எது பெஸ்ட்டோ அதப் பண்ணுங்க' என்பான். எது பெஸ்ட் என்று கேட்கத்தானே ஆள் வேண்டும். நீங்கள் முப்பத்தோரு வருஷம் கல்பாக்கம் பிளான்ட்டில் விரல் நுழையாத டியூபுக்குள் கருவி விட்டுப் பார்த்து, இது ஓடும், இது ஓடாது என்று எழுதிக் கொடுத்தவர். நான் சைக்கிளில் பைப்பு கட்டிக் கொண்டுபோய் விற்று மேலே வந்தவன். விற்கத் தெரியும். உள்ளே பார்க்கத் தெரியாது.

கடைசிப் பத்தி இதுதான். நீங்கள் வந்து கையெழுத்துப் போட்டால் படுப்பேன். இல்லாவிட்டால் இப்படியே ஓடுகிறவரை ஓடட்டும்.

திருவேங்கடம்


சதுரங்கப்பட்டினம்
15-9-2025

திருவேங்கடம் அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. மெசேஜ் வந்திருக்கும்.

உங்கள் உடம்பைப் பற்றி வருத்தம்தான். ஆனால் உயிரை வைத்து என்னிடம் கெடு விதிக்க வேண்டாம். அது உங்கள் கடை வழக்கம்.

ஜோதியின் போன் இன்னும் என்னிடம் இருக்கிறது. மாதம் ஒருமுறை சார்ஜ் போடுகிறேன். உங்கள் பேத்திக்கு மலைக்கோயிலில் காது குத்திய அன்று காலை 5.42க்கு அவள் உங்களைக் கூப்பிட்டிருக்கிறாள். நான்கு நிமிடம் பத்து வினாடி பேசியிருக்கிறாள். நான் அப்போது கொல்லையில் பல் விளக்கிக்கொண்டிருந்தேன். நடுவில் ஒரு சுவர். ஒன்பதரை மணிக்கு, திருக்கழுக்குன்றம் மலைப்படியில் தட்டோடு உட்கார்ந்தவள் பிறகு எழுந்திருக்கவில்லை. ஸ்டென்ட் வைத்து எட்டு மாதம் ஆனவள்.

பதினாறாம் நாள் உங்களிடம் கேட்டேன். "இன்னா பேசுனா?" "பூ எத்தினி மொழம் வாங்கறதுன்னு கேட்டா மாப்ள." அதோடு நான் உங்கள் வீட்டுப் படி இறங்கினேன்.

உடம்பில் ஏதோ சரியில்லை என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. பக்கத்தில் இருந்த புருஷனிடம் ஏன் சொல்லவில்லை? இந்த ஒரு கேள்வியோடு நான் தூங்கி எழுந்து சாப்பிடுகிறேன்.

அந்த நான்கு நிமிடத்தில் பேசியதை எழுதி அனுப்புங்கள். வருகிறேன். இல்லாவிட்டால் வர மாட்டேன்.

தீனதயாளன்


செங்கல்பட்டு
19-9-2025

மாப்பிள்ளைக்கு,

செத்தவளை எழுப்பிக் கொண்டுவந்து சாட்சி கேட்கிறீர்கள். பூ விஷயம்தான் பேசினாள். கூட, எத்தனை பேர் வருகிறார்கள், பந்தி எங்கே என்று இரண்டு வார்த்தை. வீட்டு விசேஷம் என்றால் நாலு நிமிஷம் பேச மாட்டார்களா?

இதைக் கேளுங்கள். நேற்று டாக்டரம்மா லதாவிடம் போயிருந்தேன். சின்னப் பெண், நம் மோகன் வயசு இருக்கும். "இன்னாம்மா, ரெண்டு வருசம்கூட தாங்கல உங்க கம்பெனி பைப்பு" என்றேன். கோபிக்கவில்லை. பேனாவை எடுத்து ஒரு குழாய் வரைந்தாள். "ஐயா, உங்க கடைப் பைப்புல வெளியிலிருந்து வர்ற உப்பு படியும். இது அப்படி இல்ல. உள்ளே வெச்ச கம்பிவலையை உடம்பு ஒரு காயமா நெனைக்குது. காயம் ஆறணும்னு மேல சதை வளர்க்குது. சில பேருக்கு அளவா வளர்ந்து நிக்கும். சில பேருக்கு நிக்கிறதில்ல. உங்களுக்கு அடைச்சுக்கிட்டது அழுக்கு இல்ல, ஆறுன காயம்" என்றாள்.

கல்பாக்கம் ரோட்டில் உப்புத் தண்ணீர் போர் போட்டவர்களுக்கெல்லாம் நாற்பது வருஷமாக நான் சொல்லி வருவது, அடைத்தால் இழுத்துப் போட்டு மாற்று. இதை இழுக்க முடியாதாம். வைத்தது வைத்ததுதான். சதை அதைப் பிடித்துக்கொண்டுவிட்டது.

நமக்குள் ஒரு பேச்சு. நீங்கள் முதலில் வாருங்கள். நான் பிழைத்து எழுந்த பிறகு நேரில் உட்கார்ந்து எதுவானாலும் சொல்கிறேன். இரண்டு பேருக்கும் நஷ்டம் இல்லை.

திருவேங்கடம்


சதுரங்கப்பட்டினம்
26-9-2025

திருவேங்கடம் அவர்களுக்கு,

பூவை நான்தான் முதல் நாள் மாலை வாங்கினேன். பதினைந்து முழம். இரவு ஒன்பது மணிக்கு ஈரத்துணி சுற்றி ஜோதியே ஃபிரிட்ஜில் வைத்தாள். காலையில் அதைக் கேட்க அவள் உங்களைக் கூப்பிடத் தேவையில்லை. நீங்கள் பொய் சொல்கிறீர்கள் என்று பதினாறாம் நாளே தெரியும். ஒருமுறை திருத்திக்கொள்ள இடம் கொடுத்தேன். அதிலும் பேரம் பேசுகிறீர்கள்.

முன்னால் வாங்கிக்கொண்டு பின்னால் கொடுக்கிறேன் என்கிற பேச்சை வேறு யாரிடமாவது வைத்துக்கொள்ளுங்கள்.

மோகனிடம் இதை மட்டும் சொல்லி அனுப்புங்கள். முதலில் வைத்த ஸ்டென்ட் முழு அளவுக்கு விரிந்திருந்ததா, இல்லை ஆரம்பத்திலேயே ஒடுங்கி நின்றதா என்று அவன் டாக்டரிடம் கேட்க வேண்டும். ஊதுவதற்கு முன்னால் குழாய்க்குள் கேமரா விட்டுப் பார்க்கும் வசதி இப்போது இருக்கிறது. அதைச் செய்வார்களா என்று கேட்க வேண்டும். உள்ளே இருப்பது சதையா, சுண்ணாம்பு மாதிரி இறுகியதா என்று தெரிந்த பிறகுதான் எந்த பலூன் என்று முடிவு செய்ய முடியும். பார்க்காமல் எதையும் ஊத விடக் கூடாது.

உங்களுக்காக இதைப் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. அவள் போன பிறகு, எங்கே தவறியது என்று தெரிந்துகொள்ளப் படித்தேன். ராத்திரி பகல் படித்தேன். யாருக்கும் உதவாமல் கிடக்கிறது. எடுத்துக்கொள்ளுங்கள்.

நான் வரவில்லை.

தீனதயாளன்


செங்கல்பட்டு
3-10-2025

மாப்பிள்ளைக்கு,

பூ இல்லை.

இதை எழுத மூன்று தாள் கிழித்தேன். கடையை மத்தியானமே சாத்திவிட்டு, கல்லாவில் உட்கார்ந்து எழுதுகிறேன். வீட்டில் எழுதினால் சாரதா பார்ப்பாள். அவளுக்கும் இதுவரை தெரியாது.

அன்று காலை அலாரத்துக்கு முன்னால் போன் அடித்தது. எடுத்தேன்.

"அண்ணா, நெஞ்சு மேல அம்மிய வெச்சு அழுத்தற மாதிரி கீது. ராத்திரியிலேர்ந்து."

"ராத்திரி இன்னா துன்ன?"

"ரெண்டு இட்லி."

"அப்ப கேஸு. ஓமத் தண்ணி காய்ச்சிக் குடி."

"இல்லண்ணா. எடது கை மரத்துகினு வருது. நான் மலை ஏறல. தாழக்கோயில்லயே ஒக்காந்துக்கறேன். நீங்க கொழந்தைய கீழ இட்டாந்து காட்டுங்க, போதும்."

நான் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "புது பைப்பு போட்டு எட்டு மாசம்தான் ஆவுது. எட்டு மாசத்துல எந்த பைப்பும் அடைக்காது. எத்தினி ஆயிரம் அடி வித்திருக்கேன், எனுக்குத் தெரியாதா? தட்டு எடுத்துகினு நீ முன்னாடி ஏறலன்னா வியாபாரி சங்கத்து ஆளுங்க இன்னா நெனப்பானுங்க? அண்ணன் தங்கச்சிக்குள்ள தகராறுன்னு பேசுவானுங்க. ஒக்காந்து ஒக்காந்து ஏறு, ஒண்ணியும் ஆவாது."

"சரிண்ணா" என்றாள்.

சின்ன வயசிலிருந்தே அவள் என்னிடம் சரிண்ணாவைத் தவிர வேறு சொன்னதில்லை. அதனால்தான் அந்தச் சரியை நான் காதில் வாங்கவேயில்லை. அடுத்து சமையல்காரனைக் கூப்பிட்டேன்.

ஐந்நூற்றுச் சொச்சம் படி. பாதிகூட ஏறவில்லை. மேலிருந்து நான் எட்டிப் பார்த்தேன். வெயிலுக்கு உட்கார்ந்திருக்கிறாள் என்று நினைத்தேன். நீங்கள் சாமான்களோடு எங்களுக்கு முன்னால் போயிருந்தீர்கள். ஒரு பூக்காரம்மாதான் முதலில் கத்தினாள்.

பதினாறாம் நாள் நீங்கள் கேட்டபோது, சொன்னால் உறவு முறியும் என்று பயந்து பூ என்றேன். சொல்லாமலே முறிந்தது. வியாபாரத்தில் எனக்கு இப்படி ஒரு கணக்கும் தப்பியதில்லை.

நீங்கள் வந்தால்தான் படுப்பேன் என்று எழுதியதை வாபஸ் வாங்குகிறேன். வியாழக்கிழமை படுக்கிறேன். நீங்கள் எழுதிய கேள்விகளை மோகனிடம் தமிழில் ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டேன்.

திருவேங்கடம்


செங்கல்பட்டு
14-10-2025

மாப்பிள்ளைக்கு,

வந்தீர்கள். ஸ்ட்ரெச்சரில் தள்ளிக்கொண்டு போகும்போது காரிடார் கடைசியில், தண்ணி மெஷின் பக்கத்தில் நிற்பதைப் பார்த்தேன். என் பக்கம் நீங்கள் பார்க்கவில்லை. வெளியே கொண்டுவந்தபோது நீங்கள் இல்லை. நீங்கள் கையெழுத்துப் போட்ட சம்மதப் பாரத்தில் 'உறவு முறை' என்ற இடத்தில் 'தங்கை கணவர்' என்று எழுதியிருந்ததை மட்டும் மோகன் காட்டினான்.

"அப்பா, மாமா டாக்டரம்மாவ கேள்வி கேட்டே தண்ணி குடிக்க வெச்சிட்டாரு. நீங்க எஞ்சினியரான்னு கேட்டாங்க. இல்லம்மா, டியூபு பாக்கறவன்னாரு" என்றான். கேமரா விட்டுப் பார்த்தார்கள். கம்பிவலை முழுசாகத்தான் விரிந்திருக்கிறது. உள்ளே சதைதான், சுண்ணாம்பு இல்லை. இரண்டாவது ஸ்டென்ட் இப்போதைக்கு வேண்டாம், பலூன் போதும் என்று டாக்டரும் நீங்களும் பேசி முடிவு செய்ததாகச் சொன்னான். நானாக இருந்தால், வந்ததுக்கு இன்னொன்றும் வைத்துவிடுங்கள் என்றிருப்பேன்.

இப்போது உள்ளே நடந்ததைச் சொல்கிறேன். அதை வேறு யாரிடமும் சொல்ல முடியாது.

மயக்கம் கொடுக்கவில்லை. மணிக்கட்டில் மரக்க ஊசி, அவ்வளவுதான். பக்கத்தில் டிவி மாதிரிப் பெரிய திரை. என் நெஞ்சு அதில் ஓடுகிறது. மருந்து விட்டதும் குழாயெல்லாம் கறுப்பாக, மழைக்கால மின்னல் மாதிரி கிளை கிளையாக வந்து மறைகிறது. ஓர் இடத்தில் மட்டும் கோடு நூலாகிவிடுகிறது. அங்கே போய் நின்றது பலூன். முதலில் கத்தி மாதிரி சின்னச் சின்ன விளிம்பு வைத்த பலூன். சதையைக் கீறி வழி பண்ண. அப்புறம் மருந்து பலூன்.

"ஐயா, இப்ப ஒரு நிமிஷம் ஊதி வெப்போம். அந்த நேரம் ரத்தம் போகாது, நெஞ்சு வலிக்கும். பயப்படாதீங்க, சொல்லுங்க" என்றாள் டாக்டரம்மா.

ஊதினார்கள்.

மாப்பிள்ளை, அம்மி. அவள் சொன்ன அதே அம்மி. வலி என்றுகூட அதைச் சொல்ல முடியாது. ஓர் ஆள் நெஞ்சின் மேல் உட்கார்ந்து, இனி எழுந்திருக்கப் போவதில்லை என்று முடிவு செய்த மாதிரி. இடது கை என்னுடையது இல்லை என்று ஆகிவிட்டது. தாடை இழுத்தது. நர்ஸ் சத்தமாக எண்ணிக்கொண்டிருந்தாள். முப்பது என்றபோது, போதும், எடுங்கள் என்று கத்தியிருப்பேன், வாய் வரவில்லை. அறுபதில் காற்றை இறக்கினார்கள். இறங்கியதும் அந்த ஆள் எழுந்து போய்விட்டான்.

எனக்கு அறுபது வினாடி. பக்கத்தில் ஆறு பேர், கண்ணெதிரே மெஷின், வெளியே நீங்கள். அவளுக்கு ராத்திரி பூராவும். அதற்குமேல் நான் ஏற்றிவிட்ட படி.

கேஸ் எனக்கு முப்பது வருஷமாக இருக்கிறது. கேஸ் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அது கேஸ் இல்லை மாப்பிள்ளை. கேட்ட உடனே தெரிந்திருக்க வேண்டும். கேட்கவில்லை.

அந்த மேஜை மேல் படுத்து இன்னொன்றும் முடிவு செய்தேன். போன கடிதத்தில் ஒரு துண்டை உங்களிடமிருந்து ஒளித்துவிட்டேன். நீங்கள் உண்மையில் கேட்டது அந்தத் துண்டைத்தான். தெரிந்தேதான் ஒளித்தேன்.

"சரிண்ணா" என்று சொன்ன பிறகு அவள் போனை வைக்கவில்லை. அப்புறம், "அவரு பல்லு வெளக்கிகினு கீறாரு. அவர் கிட்ட சொல்லட்டுமாண்ணா?" என்றாள்.

நான், "வேணாம்" என்றேன். "அந்த ஆளு கிட்ட சொன்னா இப்பவே ஆம்புலன்ஸ கூப்பிடுவாரு. நம்ம ஃபங்ஷன் பேஜாராயிடும். மலை எறங்கினப்புறம் சொல்லிக்கலாம்."

அவள் உங்களிடம் சொல்லத்தான் இருந்தாள். நான் வேண்டாம் என்றேன். இதற்குமேல் என்னிடம் எதுவும் மிச்சமில்லை.

திருவேங்கடம்


சதுரங்கப்பட்டினம்
25-10-2025

மச்சானுக்கு,

உங்கள் கடிதம் தீபாவளிக்கு முன்னாலேயே வந்தது. அன்றைக்கே பதில் எழுதியிருந்தால் எதை எழுதியிருப்பேனோ, அதை எழுதாமலிருக்கப் பத்து நாள் தேவைப்பட்டது.

மன்னித்துவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். ஆம்புலன்ஸைக் கூப்பிட்டிருப்பேன் என்று சொன்னீர்களே, உண்மை. கூப்பிட்டிருப்பேன். பத்து நிமிஷத்தில் வந்திருக்கும். நீங்கள் அவளிடம் சொன்னதில் அது ஒன்றுதான் சரியானது.

ஆனால் என்னிடமும் ஒரு துண்டு இருக்கிறது. நீங்கள் கேட்கவில்லை. கேட்கத் தெரிந்த ஆள் யாரும் இல்லை.

ஜோதிக்கு ஸ்டென்ட் வைத்து அனுப்பியபோது ஆறாம் மாதம் வந்து காட்டச் சொல்லி ஒரு சீட்டு கொடுத்தார்கள். டிசம்பர் 12 என்று போட்டிருந்தது. நான் ரிடையர் ஆகி, பழைய இடத்திலேயே கான்ட்ராக்டில் இன்ஸ்பெக்ஷனுக்குப் போய்க்கொண்டிருந்த நேரம். அங்கே ஒவ்வொரு டியூபுக்கும் ஒரு தேதி உண்டு. தேதி தாண்டிய டியூபை ஓட விட மாட்டோம். நானே எத்தனையோ முறை கையெழுத்துப் போட மறுத்திருக்கிறேன்.

டிசம்பர் 11 அன்று, "நாளைக்கு ஆஸ்பத்திரி போவணுமே" என்றாள். "நல்லாத்தானே கீற. பொங்கல் போவட்டும், சாவகாசமா போலாம்" என்றேன். பொங்கல் போயிற்று. "எப்பங்க?" என்றாள். "உங்க அண்ணன் வூட்டு விசேஷம் முடியட்டும்" என்றேன். மூன்றாம் முறை அவள் கேட்கவில்லை.

அந்தச் சீட்டு அவளுடைய மாத்திரை டப்பாவிலேயே இருக்கிறது. போனுக்கு மாதம் ஒருமுறை சார்ஜ் போடுகிற நான் அந்த டப்பாவை இரண்டே முக்கால் வருடத்தில் ஒருமுறைகூடத் திறக்கவில்லை. நேற்று திறந்தேன்.

அவள் ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று உங்களிடம் கேட்டுக்கொண்டிருந்தேன். உங்கள் பதில் பாதிதான். என்னிடம் சொன்னாலும் 'நல்லாத்தானே கீற' என்பேன் என்று அவள் நினைத்திருக்கலாம். அந்த மீதியை எழுதித் தர ஆள் இல்லை.

உங்கள் டிஸ்சார்ஜ் தாளை மோகன் போட்டோ எடுத்து அனுப்பினான். இரண்டு மாத்திரைக்கு அடியில் கோடு போட்டிருக்கிறார்கள், நிறுத்தக் கூடாது என்று. பல் பிடுங்கினாலும், விரதம் இருந்தாலும், டாக்டரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள். ஆறாம் மாதம் காட்ட வேண்டும். ஏப்ரல் 9, வியாழக்கிழமை. காலண்டர் இன்னும் வரவில்லை; சுவரிலேயே எழுதி வைத்துவிட்டேன்.

அன்று காலை ஆறு மணிக்கு உங்கள் கடை வாசலில் இருப்பேன். வழியில் பேச வேண்டாம். என்னால் முடியாது. காரில் முன் சீட்டில் நீங்கள் உட்காருங்கள், பின்னால் நான்.

உங்கள் நம்பரை நேற்று திறந்துவிட்டேன். நலம் விசாரிக்கக் கூப்பிடாதீர்கள். நெஞ்சு அழுத்தினால் கூப்பிடுங்கள். எந்த நேரமானாலும், நான் பல் விளக்கிக்கொண்டிருந்தாலும் எடுப்பேன். கேஸ் என்று தோன்றினாலும் கூப்பிடுங்கள்.

தீனதயாளன்